நேட்டால் எண்ணும் கண்டிச்சீமைத் துண்டும்

டர்பனில் வாழும் ஒரு கோவெண்டரோ பிள்ளையோ தம் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடக் கிளம்பினால், ஆவணக் காப்பகத்தில் முதலில் கேட்பது "எண் தெரியுமா?" என்றுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருப்பவர் அதே தேடலில் இறங்கினால், தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பது வேறு: "எந்தக் கங்காணியோட ஆளுக நீங்க?"

இரண்டு குடும்பங்களும் கிளம்பியது ஒரே சென்னை மாகாணத்திலிருந்து. ஒரே நூற்றாண்டில், பெரும்பாலும் நிலமில்லாத வீடுகளிலிருந்து, ஒரே பஞ்சங்களுக்குத் தப்பி. போன தொலைவு வேறு. போன முறை அதைவிட வேறு. இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த முறையைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. ஒப்பந்தம் எவ்வளவு கடுமையாக ஆளைப் பிடித்து வைத்ததோ அவ்வளவு விரிவாக அவரைப் பற்றி எழுதியும் வைத்தது. பிடி தளர்வாகத் தெரிந்த இடத்தில் எழுத்தே இல்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை முதலில் எடுத்துக்கொள்வோம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், தமிழரும் தெலுங்கரும். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கைக்குழந்தைக்கும் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் எல்லாம் எழுதப்பட்டன. யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதும் பதிவானது.

பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிய ஒரு கூலிக்காரரின் முழங்காலில் இருந்த தழும்பை 140 ஆண்டுகள் கழித்து அவருடைய எள்ளுப்பேத்தி படிக்க முடிகிறது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் வாழ்ந்த எத்தனை மிராசுதார்களைப் பற்றி இப்படி ஒரு வரி இருக்கும்? பட்டியலைப் பார்த்துக் கண்கலங்கும் டர்பன்வாசிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தழும்பை எதற்காகக் குறித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலாளி பணம் கட்டி வரவழைத்த ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், அதற்குத்தான். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காணப்பட்டால் குற்றம். மொரீஷியஸில் இந்த வேலையைப் புகைப்படம் செய்தது. 1860களிலிருந்து அங்கே சீட்டுக்காக எடுக்கப்பட்ட முகப்படங்கள் இன்று மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டப்படும் அந்தப் படம், காவல்துறை ஆளை அடையாளம் காண எடுத்த படம்.

கப்பல் பட்டியலோடு நேட்டால் நின்றுவிடவில்லை. இந்தியக் குடியேறிகளுக்கென்று பாதுகாப்பாளர் என்ற அதிகாரி டர்பனில் இருந்தார். பெயர்தான் அப்படி, முதலாளிகளின் நலனையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் அவர். அவருடைய அலுவலகத்தில் திருமணங்கள் பதிவாயின, பிறப்பும் இறப்பும் பதிவாயின, அடிபட்டவர்களின் புகார்கள் கோப்புகளாயின, இறந்தவர் விட்டுச்சென்ற சில பவுன் பணம் யாருக்கு என்ற விசாரணை நடந்தது. ஒவ்வொரு தாளிலும் அந்த எண் வரும். ஆகவே பாட்டியின் திருமணப் பதிவோ, தாத்தாவின் மரணச் சான்றோ கையில் இருந்தால் எண் கிடைக்கும். எண்ணிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து கிராமம். சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தப் பட்டியல்களை அடித்தளமாகக் கொண்டது. ஜாய் பிரெய்ன் போன்ற வரலாற்றாசிரியர்களின் உழைப்பால் பட்டியல்கள் கணினிக்குள்ளும் வந்துவிட்டன.

இவ்வளவும் இருந்தும் பட்டியலை அப்படியே நம்பிவிட முடியாது. வயது பெரும்பாலும் எழுத்தர் கண்ணால் அளந்தது. சாதிக் கட்டத்தில் சாதியும் பட்டமும் மதமும் கலந்து கிடக்கும். ஒருவருக்கு "மலபார்", இன்னொருவருக்கு "கிறிஸ்தவர்", மற்றொருவருக்கு "முதலி". முனுசாமியும் கோவிந்தசாமியும் நூற்றுக்கணக்கில் வருவார்கள். ஊரில் வழக்கோ கடனோ வைத்துவிட்டு வந்தவர் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அனுபவம் உள்ளவர்கள் தேடிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடுவதில்லை, மேலும் கீழும் பத்து எண்களைப் படிப்பார்கள். கணவன், மனைவி, பிள்ளை, மைத்துனர் என்று ஒரே ஊர்க்காரர்கள் வரிசையாக நின்று பதிந்திருப்பார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கை நிரப்ப, கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஜோடியில் மனைவியின் ஊர் வேறு ஜில்லாவாக இருக்கும். பேரப்பிள்ளைகள் அதைப் பிழை என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். பிழையில்லை, குடும்பக் கதையே அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் காகிதச் செல்வம் எல்லா நேட்டால் தமிழருக்கும் உரியதல்ல. சொந்தச் செலவில் பயணச்சீட்டு எடுத்துப் போன வணிகர்களும் கணக்கர்களும் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். சுதந்திரமாகப் போனவருக்கு எண் கிடையாது, தழும்பும் கிடையாது. காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் ஊர் நமக்குத் தெரிவது கப்பல் பட்டியலால் அல்ல. குடும்பம் அந்த ஊரை மறக்கவில்லை, காந்தி 1915இல் அங்கே நேரில் போனார், அதனால்.

இனி இலங்கை, போனவர்கள் பேச்சில் கண்டிச்சீமை. இங்கே கதை தலைகீழ்.

வெளிநாட்டுக்குக் கூலி ஆள் அனுப்புவதை 1839இல் தடைசெய்த இந்திய அரசு, இலங்கைக்கு 1847இல் கதவைத் திறந்துவிட்டது. ஒப்பந்தம், டிப்போ, பாதுகாப்பாளர், கப்பல் பட்டியல் என்ற இயந்திரம் எதுவும் அந்தப் பாதைக்குப் பொருந்தவில்லை. பாக் நீரிணை குறுகலானது. தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காப்பி பறிக்கும் காலத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருபவர்களே முதலில் அதிகம். அரசு எண்ணியது தலையை: இந்த மாதம் ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, பிள்ளைகள் இத்தனை. பெயர் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் ஆளைப் பிடித்து வைக்கும் வேலையை அரசு செய்யவில்லை. கங்காணி செய்தார்.

கங்காணி தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்ப்பவர். துரை கொடுத்த முன்பணத்தை வழிச்செலவுக்கும் கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் பிரித்துக் கொடுப்பார். அதுவே தொழிலாளியின் கடன் ஆகும். சட்டப்படி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். ஆனால் பழைய தோட்டம் தரும் 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் புதுத் தோட்டம் சேர்க்காது. அந்தத் துண்டில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்: கங்காணியின் பெயர், அவருக்குக் கீழே எத்தனை ஆள், கட்ட வேண்டிய கடன் எவ்வளவு. ஆட்களின் பெயருக்கு அதில் வேலையில்லை. ஒரு கூட்டத்தின் மொத்தக் கடனும் ஒரு தாளில் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் கட்டிக்கொண்டு போகத் தகர வில்லை ஒன்று கொடுத்தார்கள். அதில் பொறித்திருந்தது தோட்டத்துக்கான எழுத்தும் எண்ணும். எந்தத் தோட்டத்துக்கான ஆள் என்பதை அது சொன்னது, எந்த ஊர் ஆள் என்பதைச் சொல்லவில்லை.

பெயர் எழுதப்பட்ட இடம் செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேடு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவருக்குப் பேர் விழும். விழுந்த நாளுக்குச் சம்பளம். அந்தப் பதிவேடு தோட்டத்தின் சொத்து. கம்பெனி மாறியது, 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் மறுபடியும் தனியார் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய புத்தகம் யாருக்கு வேண்டும்? கங்காணியின் கணக்கு நோட்டோ அவர் வீட்டுப் பெட்டியில் இருந்த தனிச் சொத்து.

ஆனால் நேட்டாலில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. கடல் குறுகலானதால் ஊர் தொலையவில்லை. கல்யாணம், கோயில் கொடை, சாவு, காணி வாங்குதல் என்று போய்வந்தார்கள், பணம் அனுப்பினார்கள். கங்காணி தன் ஆட்களை ஒரே வட்டாரத்திலிருந்து கொண்டுவந்ததால் லயம் என்ற வரிசை வீடுகளே ஓர் ஊராக இருந்தன. துறையூர்ப் பக்கம், நாமக்கல் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் என்ற பேச்சு பெண் கேட்கும்போது தவறாமல் வரும். எந்த ஊர், என்ன குலசாமி என்று கேட்காமல் சம்பந்தம் முடிந்ததில்லை. டர்பனில் எண் நின்று ஊர் மறந்தது. மலையகத்தில் ஊர் வாயில் நின்றது, காகிதம் பிறக்கவே இல்லை. நினைவு, ஆவணம் என்ற இரண்டில் எது மேல் என்று கேட்டால் வழக்கமாக நான் நினைவின் பக்கம் நிற்பேன். மலையகத்தின் வரலாறு அப்படி நிற்க விடவில்லை.

1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே கேட்டது: உன் தகப்பன் இலங்கையில் பிறந்தாரா? இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தார்களா? மூன்று தலைமுறை வம்சாவளியை ஒரு சட்டம் காகிதத்தில் கேட்டது, காகிதமே எழுதப்படாத மக்களிடம். பிறப்புப் பதிவு தோட்டங்களில் முறையாக நடக்கத் தொடங்கியதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். காப்பிக் காலத்தில் லயத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வி பின்னர் வந்த பிள்ளைகளின் சான்றிதழிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் "பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின்" அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு. தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அதற்கு இன்னொரு கூடு. வம்சாவளி தேடுபவர்களுக்கு இன்று அது அரிய தகவல்தான். தோட்டப் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கூடுகளில் கோடு கிழிக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் வேறு வழி காட்டியது. திருமணமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. 1951 ஆகஸ்டு 5 கடைசி நாள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போடப்பட்டன. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இந்த விசாரணைகளில் நடந்த ஒன்று இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி. ஊருக்குப் போய்வந்தது, ஊருக்குப் பணம் அனுப்பியது, ஊரில் காணி வைத்திருந்தது எல்லாம் இலங்கையில் நிலையாகத் தங்கும் எண்ணம் இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. வம்சாவளியைக் காப்பாற்றி வைத்திருந்த அதே பழக்கம் குடியுரிமையைப் பறித்தது. கோடாகன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லை வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்க வழக்காடி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1953இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. விடுபட்டவர்கள் முழுமையாகக் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் காகிதம் இருந்ததால் நீதி இருந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி போட 1895இல் சட்டம் வந்தபோது, யாரிடம் வசூலிப்பது என்று காட்டிக்கொடுத்ததும் அந்தப் பதிவேடுகள்தான். 1914இல் போராட்டத்துக்குப் பிறகே அது நீங்கியது. 1927 கேப்டவுன் உடன்பாட்டில் ஆளுக்கு இருபது பவுன் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. இந்தியர்கள் நாட்டின் நிலையான மக்கள் என்று தென்னாப்பிரிக்க அரசு ஒப்புக்கொள்ள 1961 ஆயிற்று. இரண்டு அரசுகளும் திருப்பி அனுப்பவே பார்த்தன. ஒன்றுக்கு ஆள் யார் என்று தெரிந்திருந்தது, மற்றதற்கு அதைத் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை.

சரி, ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இறங்கியதும் என்ன ஆகிறது?

டர்பன்காரர் கையில் "வட ஆர்க்காடு ஜில்லா" என்று எழுதிய தாள் இருக்கிறது. அந்த ஜில்லா இன்று கிடையாது. 1911இல் அதிலிருந்து வெட்டிச் சித்தூர் ஜில்லா அமைந்தது. அது இப்போது ஆந்திரத்தில். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சிய வேலூர் 2019இல் மூன்றாயிற்று. "செங்கல்பட்டு" என்று இருந்தால் அது இன்றைய செங்கல்பட்டாகவோ காஞ்சிபுரமாகவோ திருவள்ளூராகவோ இருக்கலாம், சென்னை மாநகரத்துக்குள் விழுங்கப்பட்ட ஒரு புறநகராகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரை எழுத்தர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். புதூரும் நல்லூரும் தாலுகாவுக்கு நான்கைந்து இருக்கும். ஆகவே தாலுகா பெயரை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தக் காலத்து மாவட்டக் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒத்துப்பார்த்த பிறகே ஊரைத் தேட வேண்டும். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நேராகப் பெயரொத்த முதல் ஊருக்குப் போய்க் கோயிலில் மாலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. அவர்கள் திருப்தியைக் கெடுக்க வேண்டாம்.

மலையகத்தார் தேடல் வேறு நிலத்தில் நடக்கிறது. அவர்களில் பலர் கிளம்பிய வட்டாரங்களில் புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன். ரயத்துவாரிப் பகுதியில் சர்க்கார் அளந்து ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டாதாரர் பெயர் எழுதியதைப் போல ஜமீன் நிலத்தில் எழுதவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே முறையான அளவை வந்தது.

இரண்டு பேரும் கடைசியில் வந்து நிற்பது கிராம நிர்வாக அலுவலரின் மேசை முன்னால். அவரிடம் 'அ' பதிவேடு இருக்கும், அடங்கல் இருக்கும், பட்டா விவரம் இருக்கும். எல்லாம் நிலத்தின் வரலாறு. சொந்த நிலம் இருந்திருந்தால் தாத்தா கப்பலேறியே இருக்கமாட்டார். 1899ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய பிறப்பு இறப்புப் பதிவில் சேரிக் குழந்தைகள் எல்லாம் ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. ஏறியவற்றிலும் பெயரில்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். 1980இல் பரம்பரைக் கர்ணங்களும் மணியக்காரர்களும் நீக்கப்பட்டபோது, ஊர்க் குடும்பங்களை விரல்நுனியில் வைத்திருந்த மனிதர்களும் போய்விட்டார்கள். நேட்டாலில் அரசுப் பதிவு அவ்வளவு பேசுகிறது, சொந்த ஊரில் அதே அரசு வாய் திறப்பதில்லை.

இந்த இடத்தில்தான் மலையகத்தாரின் வாய்வழிச் செய்திக்கு விலை கூடுகிறது. குலசாமி பெயர் தெரிந்தால் மாசி சிவராத்திரிக்கு அந்தக் கோயிலுக்குப் போய் நின்றாலே பங்காளிகள் எதிரே வருவார்கள். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு பூசாரி வீட்டிலோ நாட்டாமை வீட்டிலோ இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கங்களில் மொய் நோட்டு இருக்கிறது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் எழுதியது. கடனைத் திருப்ப எழுதிய கணக்கு என்பதால் கவனமாக எழுதப்பட்டது, கவனமாகக் காக்கவும்பட்டது. டர்பன்காரருக்கு இந்த வாசல்கள் திறப்பதில்லை. அவர் கையில் உள்ள தாளில் குலசாமிக்குக் கட்டம் இல்லை.

குடியுரிமை மறுக்கப்பட்ட மலையகத்தார் குறித்து 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவாயிற்று. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு மனுப்போட்டவரிடம் பூர்வீக ஊர் கேட்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதில் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, உறவு. நேட்டால் போனவருக்குப் புறப்படும்போது எழுதிய பட்டியல், கண்டிச்சீமைக்காரருக்கு நூறாண்டு கழித்துத் திரும்பும்போது எழுதப்பட்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் அந்த அட்டையை இன்றும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். தாயகம் திரும்பியவர் என்று காட்ட வேண்டி வரும்போதெல்லாம் அதைத்தான் எடுக்கிறார்கள். மனுவில் அந்தக் குடும்பங்கள் சொன்ன பூர்வீக ஊருக்கு வேறு காகித ஆதாரம் எதுவும் கிடையாது. லயத்தில் பாட்டி சொன்னதுதான் அரசு ஆவணத்தில் ஏறியது.